எழுதியவரே வரைந்தவர்: சிபில் வெத்தசிங்கவும் எம் பிள்ளைகளின் படப் புத்தகங்களும்

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். எமது கல்லூரியின் அதிபர்கள், கட்டடங்கள், விளையாட்டுப் போட்டிகள், பரிசளிப்பு விழாக்கள் பற்றி எழுதத் தகுதி வாய்ந்த சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். ஆதலால் நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. பாலர் வகுப்பில் நாம் கையில் எடுத்த முதற் புத்தகம் எது? அதிலே படம் இருந்ததா? இருந்தால் அதை வரைந்தவர் யார்? எம்மில் பலருக்கு முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியும். மூன்றாவதற்குத் தெரியாது. அந்த மூன்றாவது கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் வாசிப்பு வரலாற்றில் ஓர் இடைவெளி தென்படும். அவ்விடைவெளியை விளங்கிக்கொள்ள, எங்கள் நாட்டின் தென்கோடியிலே பிறந்து, கதையையும் தாமே எழுதிப் படத்தையும் தாமே வரைந்த ஒரு பெண்மணியின் பணியை அறிவது உதவும். அவர் சிபில் வெத்தசிங்க அவர்கள்.

பாட்டு முந்தியது

குடாநாட்டிலே பிள்ளைகளுக்கான எழுத்துக்குக் குறைவிருந்ததில்லை. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் பாடசாலைகளை அமைத்தனர். மானிப்பாயில் அச்சகம் நடத்தினர். 1824இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். ஆறுமுக நாவலர் பெருமான் தம் வண்ணார்பண்ணைப் பாடசாலைக்காக எழுதிய பாலபாடங்கள் தமிழ் வசனநடையையே நெறிப்படுத்தின. ஆயினும் இப்புத்தகங்களின் நோக்கம் எழுத்தறிவும் ஒழுக்கமும் சமயமும் ஆகும். பிள்ளையின் கண்ணுக்கு விருந்தளிப்பது அன்றைய ஆசிரியர்களின் கவலையாக இருக்கவில்லை. அச்சுச் செலவும் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே பிள்ளைகளின் மனத்தை நோக்கிய எழுத்து வளர்ந்தது. கே. எஸ். அருள்நந்தி அவர்களின் முயற்சியால் 1935இல் வெளிவந்த ‘பிள்ளைப் பாட்டு’ அத்துறையில் ஒரு திருப்பம். 1953இல் மறைந்த நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ‘தங்கத் தாத்தா’ என்றே பிள்ளைகளால் அழைக்கப்பட்டார். அவருடைய ‘ஆடிப்பிறப்பு’, ‘கத்தரித் தோட்டத்து வெருளி’ ஆகிய பாடல்களைப் பாடாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை எனலாம். கூழும் கொழுக்கட்டையும், தோட்டத்து வெருளியும் எமது வீட்டு வளவிலிருந்தே அப்பாடல்களுக்குள் நுழைந்தவை. நாவற்குழியில் பிறந்த கவிஞர் அம்பி போன்றோர் பின்னர் அவ்வழியைத் தொடர்ந்தனர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எமக்குக் கிடைத்தது செவிக்குரிய இலக்கியம். பாட்டு வாயிலிருந்து வாய்க்குப் போகும். அதற்குத் தாளும் தேவையில்லை, மையும் தேவையில்லை. எங்கள் ஆசிரியைமார் வகுப்பிலே கைதட்டிப் பாடிக் காட்டியபோது படம் எம் மனத்திலேயே தோன்றிற்று. மேடையிலும் அவ்வாறே. குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களின் ‘கூடி விளையாடு பாப்பா’ 1970களின் பிற்பகுதியில் சுண்டிக்குளி மகளிர் கல்லூரிப் பிள்ளைகளால் நடிக்கப்பட்டபோது, மரமும் மிருகமும் பிள்ளைகளின் உடலாலேயே உருவாயின. பாட்டும் கூத்தும் எமது பலம். படம் நிறைந்த புத்தகமோ வெளியிலிருந்து வந்தது.

படம் வந்த வழி

அது வந்த வழியும் எம் எல்லோருக்கும் தெரிந்ததே. சென்னையிலே நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 யூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ கடல் கடந்து வந்து யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளில் தொங்கிற்று. 1950களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்த ஓவியர் சங்கர், வாளேந்திய விக்கிரமாதித்தன் தோளிலே பிணத்தைச் சுமந்து நடக்கும் படத்தைத் தந்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இரவிலே கிணற்றடிக்குப் போகப் பயந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! பின்னர் சோவியத் நாட்டிலிருந்து தமிழில் அச்சாகி வந்த மலிவான, பளபளப்பான படப் புத்தகங்களும் வந்தன. பனிக்கரடியும் ஊசியிலை மரமும் எமக்குப் பழக்கமாயின. பனைமரமும் படலையும் கிடுகுவேலியும் புத்தகத்திலே வராமலே நாம் வளர்ந்தோம்.

வரையத் தெரிந்தவர்கள் இங்கே இல்லாமலில்லை. பாடசாலைகளின் பிரதம சித்திரப் பரிசோதகராக இருந்த சி. எவ். வின்சரின் பெயரால் எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் ஒன்றை அமைத்தார். அவருக்குப் பின் அ. மாற்கு முதலிய ஓவியர்கள் தாமும் வரைந்து மாணவரையும் வளர்த்தனர். ஆனால் சித்திர ஆசிரியர் ஒருபுறமும் பாட்டெழுதும் ஆசிரியர் மறுபுறமுமாக இருந்தனர். ஓவியருக்குக் கிடைத்த வேலை அட்டைப்படமும் பாடநூற் படமுமே. கதையும் படமும் ஒரே கையிலிருந்து பிறக்கும் புத்தகம் எமக்கு அரிதாயிற்று.

கிந்தோட்டைச் சிறுமி

காலிக்கு அண்மையில் கிங் கங்கை கடலோடு கலக்கும் ஊர் கிந்தோட்டை. 1927இல் சிபில் அங்கே பிறந்தார். ஆறு வயதளவிலே குடும்பத்தோடு கொழும்புக்கு வந்துவிட்டார். ஆயினும் அவருடைய நூற்றுக்கணக்கான படங்களிலே நாம் காண்பது கொழும்பு அன்று. அந்த ஆறு வருடத்துக் கிராமமே. முற்றம், அடுப்படி, கொண்டை போட்ட ஆச்சிமார், சாரமுடுத்த மாமாமார், வெற்றிலைத் தட்டு, கோழி, பூனை, வாழைமரம் என்று ஒரு முழு ஊரையும் அவர் ஞாபகத்திலிருந்தே வரைந்தார். பிற்காலத்தில் ‘சைல்ட் இன் மீ’ என்ற ஆங்கில நூலில் அந்த இளமைக் காலத்தை எழுத்திலும் பதிவுசெய்தார். ஆறு வயதுக்குள் பார்த்தவை ஒரு மனிதரின் ஆயுள் முழுவதற்கும் முதலாகப் போதும் என்பதற்கு இவரைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

அவர் படித்தது பம்பலப்பிட்டித் திருக்குடும்பக் கன்னியர் மடத்தில். எமக்கு இதிலும் ஓர் உறவுண்டு. பிரான்சு தேசத்துப் போர்தோ நகரிலிருந்து இலங்கைக்கு வந்த திருக்குடும்பச் சகோதரிகள் 1862இல் முதன்முதல் பணி தொடங்கியது எமது யாழ்ப்பாணத்திலேதான். இங்கே வேரூன்றிய அச்சபையே பின்னர் தென்னிலங்கையிலும் பெண்கல்வியைப் பரப்பிற்று.

ஓவியத்தை அவர் கலைக்கல்லூரியில் முறையாகப் பயின்றவரல்லர். ஆனால் பதின்ம வயதிலேயே, றோயல் ஆரம்பப் பாடசாலையின் தலைமையாசிரியராக இருந்த எச். டி. சுகதபால அவர்களின் ‘நவ மக’ வாசிப்புப் புத்தகத்துக்குப் படம் வரையும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஒரு பள்ளிச் சிறுமியின் கோடுகளிலே பெறுமதியைக் கண்டு, அவற்றைப் பாடப் புத்தகத்திலேயே அச்சிடத் துணிந்த ஓர் ஆசிரியர் இருந்தார் என்பது எம்போன்ற பாடசாலைச் சமூகத்தார் மறக்கக்கூடாத செய்தி.

1948இல் ‘லங்காதீப’ பத்திரிகையில் சேர்ந்தார். இளம் பெண் ஒருவர் பத்திரிகைக் காரியாலயத்தில் ஓவியராக அமர்வது அக்காலத்தில் அரிது. 1950களின் தொடக்கத்தில் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் ‘ஜனதா’வுக்கு மாறினார். அந்நிறுவனத்திலே பணியாற்றிய தர்மபால வெத்தசிங்கவை மணந்தார். 1932 முதல் எமது ‘தினகரன்’ வெளிவந்ததும் அதே லேக் ஹவுஸிலிருந்துதான். அங்கேதான் சிறுவர் பக்கத்துக்காக அவர் தம் முதற் கதையை எழுதினார். அதுவரை பிறர் கதைக்குப் படம் வரைந்தவர், தம் கதைக்குத் தாமே வரையத் தொடங்கினார்.

குடைத் திருடனின் கதை

அந்தக் கதையே ‘குட ஹொரா’. குடைத் திருடன் என்று பொருள். 1956இல் புத்தகமாக வெளிவந்தது. குடை என்றால் என்னவென்றே அறியாத ஒரு சின்னக் கிராமம். மழைக்கு வாழையிலையும் சேம்பிலையும் பிடிக்கிறார்கள். கிரி மாமா முதன்முதலாகப் பட்டணம் போகிறார். நிறம் நிறமான குடைகளைக் கண்டு மயங்கி ஒன்றை வாங்கி வருகிறார். ஊர் வந்து, கோப்பிக் கடையருகே குடையை ஒளித்துவைத்துவிட்டு ஒரு கோப்பி குடித்துத் திரும்பினால் குடையைக் காணோம். அடுத்த முறையும் அதே கதி. எத்தனை குடை வாங்கினாலும் களவு போகிறது. கடைசியில் கடதாசித் துண்டுகளைக் குடையின் மடிப்புக்குள் போட்டு வைக்கிறார். துண்டுகள் விழுந்த வழியே போனால் காட்டு மரக்கிளைகளிலே தம் குடைகளெல்லாம் தொங்குகின்றன. ஒன்றை மட்டும் கள்வனுக்கென விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவந்து ஊரிலே குடைக் கடை போடுகிறார். கள்வன் யாரென்று பிறகு போய்ப் பார்த்தால், விரித்த குடைக்குள் ஒரு குரங்கு!

இக்கதை எவ்வாறு இயங்குகிறது என்று ஆசிரியையாக இருந்த எவரும் எளிதிற் கண்டுகொள்வர். வசனம் சிறிது. ‘குடை காணாமற் போயிற்று’ என்று வசனம் சொல்லும். கிரி மாமாவின் முகம் எப்படிப் போயிற்று என்பதைப் படம் சொல்லும். பிள்ளை ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும் ‘இம்முறை பிடிபடுவானா?’ என்று ஏங்கும். எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரானபடியால் எதைச் சொல்ல வேண்டும், எதைக் காட்டினாற் போதும் என்ற பங்கீடு ஒரே மனத்துக்குள் நடந்துவிடுகிறது. இங்கிலாந்திலே பியட்ரிக்ஸ் பொட்டர் 1902இல் வெளியான ‘பீற்றர் ராபிற்’ கதையிலே செய்ததும் இதுவே. மேலும், கள்வனைத் தண்டிப்பது பற்றி ‘குட ஹொரா’வில் ஒரு சொல் இல்லை. அவனுக்கென ஒரு குடையை விட்டுவைத்த கிரி மாமாவின் குணமே நீதி. நீதியைக் கடைசி வரியிலே கட்டித் தொங்கவிட்டுப் பழகிய எம் பாடநூல்களுக்கு இது வேறு வழி.

புத்தகம் நாட்டின் எல்லையைக் கடந்தது. ஜப்பான் மொழியிலும் ஸ்கண்டிநேவிய மொழிகளிலும் வந்தது. 1980களில் ஜப்பானிலே சிறந்த பிறநாட்டுச் சிறுவர் நூலென விருது பெற்றது. ஊர் முழுவதும் ஓடித் திரியும் தாடியைப் பற்றிய ‘துவன றெவுல’ முதலாக இருநூறுக்கு மேற்பட்ட நூல்களை அவர் ஆக்கினார். முதுமையிலும் கையை ஓயவிடவில்லை. 2020இல் அவருடைய ‘வொண்டர் கிறிஸ்டல்’ கதைக்கு முடிவு எழுதும்படி பிள்ளைகளிடமே விடப்பட்டது. அவர்கள் எழுதியவற்றில் 1,250 முடிவுகளோடு அது கின்னஸ் சாதனையாயிற்று. அவ்வாண்டு யூலை 1ஆந் திகதி தமது 92ஆவது வயதில் அவர் காலமானார். எமக்கு விக்கிரமாதித்தனை வரைந்து தந்த ஓவியர் சங்கரும் அதே ஆண்டு செப்டெம்பரில் சென்னையிலே மறைந்தார். இரு பிள்ளைக் கூட்டங்களின் கண்களைத் திறந்த இருவர் ஒரே ஆண்டிற் போயினர்.

1956

‘குட ஹொரா’ புத்தகமான ஆண்டை மீண்டும் பாருங்கள். 1956 என்றதும் எம் தலைமுறைக்கு நினைவில் எழுவது ஒரு குரங்கும் குடையும் அன்று. தனிச் சிங்களச் சட்டம். அச்சட்டத்துக்கும் இப்புத்தகத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் புத்தகம் எம்மிடம் வந்து சேராமைக்கும் அக்காலத்துப் போக்குக்கும் தொடர்புண்டு. தாய்மொழிக் கல்வி எமக்கு நன்மையே செய்தது. அதை ஒருபோதும் குறைகூற மாட்டேன். ஆயினும் இருமொழிப் பிள்ளைகளும் ஒருவர் புத்தகத்தை ஒருவர் பார்க்கும் பாலம் ஒன்றும் கட்டப்படவில்லை. மொழி ஒரு மானப் பிரச்சினையாக ஆக்கப்பட்ட பின், சிங்களப் புத்தகத்தை ஆசையோடு கையிலெடுக்கும் மனநிலை இங்கே எப்படி இருக்கும்? தங்கத் தாத்தாவின் பாடலைத் தெற்கிலே யார் கேட்டார்கள்?

இதனாலே விந்தையான நிலை ஒன்று ஏற்பட்டது. மாஸ்கோவின் கரடியையும் சென்னையின் வேதாளத்தையும் அறிந்த யாழ்ப்பாணத்துச் சிறுமி, தன் நாட்டிலே ஒரு நாள் ரயில் பயணத் தொலைவில் வரையப்பட்ட கிரி மாமாவை அறியவில்லை. படம் மொழி கடந்தது என்பார்கள். உண்மைதான், ஆனால் புத்தகத்தைச் சுமந்துவரும் ஆளும் கடையும் மனமும் வேண்டும். 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது எம் நாட்டுத் தமிழ் வெளியீடுகளுக்கு நல்ல வாய்ப்புக் கிட்டியது. கவிதையும் சிறுகதையும் நாவலும் அதைப் பயன்படுத்தி வளர்ந்தன. வர்ணப் படப் புத்தகம் வளரவில்லை. அதற்கு முதல் அதிகம், வாங்குவோர் குறைவு.

தாளில்லாக் காலம்

அதன் பின் நிகழ்ந்தவை எம் எல்லோருக்கும் தெரியும். 1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச் சுவடிகளும் கிடைத்தற்கரிய நூல்களும் அழிந்ததை உலகம் பேசிற்று, பேசவும் வேண்டும். அங்கே சிறுவர் பகுதியும் இருந்தது என்பதை நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் நிலத்திலிருந்து படம் பார்த்த பிள்ளைகளின் இழப்பை யாரும் தொகை போட்டதில்லை.

1990 முதல் 1995 வரையான பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, தாள் இல்லை. பத்திரிகைகளே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகின. ஜாம் போத்தல் விளக்கொளியிலே பரீட்சைக்குப் படித்த எம் பிள்ளைகள், பாவித்த கொப்பியின் பின்பக்கத்திலே சித்திரம் வரைந்தார்கள். ஒரு வர்ணப் பெட்டியை ஒரு வகுப்பே பகிர்ந்தது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அக்கொப்பிகள் எங்கே போயின? சான்றிதழ்களையும் காணி உறுதிகளையும் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் பிள்ளையின் சித்திரக் கொப்பியை எடுத்திருக்க வழியில்லை. எம் காலத்து நல்ல கோடுகள் எத்தனையோ அவ்வாறு அழிந்தன. சிபில் அவர்களுக்கு ஆறு வயதுக் கிராமத்தை வரைவதற்கு அறுபது எழுபது ஆண்டுகள் அமைதியான மேசை கிடைத்தது. எமது பிள்ளைகளுக்கு ஆறு வயதுக் கிராமம் இருந்தது, மேசை கிடைக்கவில்லை.

இனி

இப்போது நிலைமை சிறிது மாறியிருக்கிறது. சென்னையிலே 1990களில் தொடங்கிய தாரா, தூலிகா ஆகிய பதிப்பகங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கான படப் புத்தகத்தை உலகத் தரத்துக்கு உயர்த்தின. 2005 முதல் இலங்கையிற் பணியாற்றும் ‘ரூம் ரு றீட்’ நிறுவனம் ஆரம்பப் பாடசாலைகளுக்கென இரு மொழிகளிலும் இந்நாட்டு ஓவியர்களைக் கொண்டு படப் புத்தகங்களை வெளியிட்டு வருகிறது. மறுபுறம், ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் உள்ள எம் பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் படப் புத்தகங்களிலே மூழ்கியிருக்கிறார்கள். அம்மம்மாவின் ஊர் எப்படியிருக்கும் என்று கேட்டால், கைத்தொலைபேசியில் நல்லூர்க் கோபுரத்தைக் காட்டுகிறோம். துலாவும் பட்டையும், கதியாலில் காய்ந்த பாயும், பனங்காய் விழும் சத்தமும், பூவரசமிலையில் ஊதிய பீப்பியும் எந்தக் கைத்தொலைபேசியில் இருக்கின்றன?

ஆகவே உலகெங்கும் பரந்துள்ள சகோதரிகளிடம் மூன்று காரியங்களை முன்வைக்கிறேன். முதலாவது, உங்கள் ஆறு வயதுக்குள் கண்டவற்றை எழுதுங்கள். வரையத் தெரிந்தவர்கள் வரையுங்கள். கோடு கோணலாயிருப்பது பற்றி வெட்கப்பட வேண்டாம். முறையான பயிற்சியின்றி எழுதுகோலும் தூரிகையும் ஒருங்கே பிடித்தவரின் வரலாற்றைத்தான் இவ்வளவு நேரமும் வாசித்தீர்கள். இரண்டாவது, எமது கல்லூரியின் ஆரம்பப் பிரிவு நூலகத்திலே படப் புத்தகங்களுக்கென ஓர் அலுமாரி அமையட்டும். அதிலே தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் அருகருகே இருக்கட்டும். ‘குட ஹொரா’வைப் படம் பார்த்தே வாசிக்கும் எம் சிறுமி, அதன் பின் அந்த எழுத்தையும் அறிய விரும்பினால் அது அவளாக விரும்பியது, யாரும் திணித்ததன்று.

மூன்றாவதே முக்கியமானது. சித்திர பாடத்தைப் பரீட்சைக்கு உதவாத பாடமென ஒதுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இன்றும் உண்டு. வைத்தியராகவும் பொறியியலாளராகவும் எம் பிள்ளைகள் வருவது பெருமையே. ஆனால் கொப்பி ஓரங்களிலே ஓயாமல் கிறுக்கும் ஒரு பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பாள். சங்கத்தின் புலமைப்பரிசில்களில் ஒன்றை அவளுக்கென ஒதுக்குவோம். அவள் எழுதி வரையும் ஒரு கதையை ஆண்டுதோறும் சிறு நூலாக அச்சிடுவோம். ஐந்நூறு பிரதி போதும். செலவைப் பத்துப் பேர் பகிர்ந்தால் எவருக்கும் சுமையாகாது. அட்டையிலே கதை, படம் என்ற இரண்டு சொற்களுக்கும் எதிரே ஒரே பெயர், எமது கல்லூரி மாணவி ஒருத்தியின் பெயர், அச்சாகட்டும். இருநூறாவது ஆண்டு மலரை எழுதப்போகும் சகோதரி, முதற் புத்தகத்தின் படத்தை வரைந்தவர் யாரென்று அப்போது தேட வேண்டியிராது.